வண்டு இல்லாத மேடை

கச்சேரிக்குப் போனால் நான் முதலில் பாடுகிறவரைப் பார்ப்பதில்லை. கிட்டார்க்காரனுக்குப் பின்னால் என்ன வைத்திருக்கிறார்கள் என்றுதான் கண் போகும். பழைய லாரி டிரைவர் பஸ்ஸில் ஏறும்போது டயரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறுவார் இல்லையா, அந்த மாதிரி ஒரு பழக்கம். பன்னிரண்டு வருஷம் திருவிழா மேடைகளில் கிட்டார் வாசித்தவன். விட்டுப் பல வருஷம் ஆகியும் இது மட்டும் போகவில்லை.

போன ஆவணியில் உப்பூர் சதுர்த்தித் திருவிழாவுக்குப் போயிருந்தேன். தெரியாதவர்களுக்காக: தொண்டியிலிருந்து தேவிபட்டினம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற ஊர். வெயிலுகந்த விநாயகர் கோயில்தான் ஊருக்கு அடையாளம். கருவறைக்கு மேலே கூரை கிடையாது. பிள்ளையார் வெயிலில்தான் உட்கார்ந்திருப்பார், பெயரே அதனால் வந்தது. சேதுவுக்குப் போகிற வழியில் ராமர் இங்கே கும்பிட்டுவிட்டுப் போனார் என்பது ஐதீகம். மற்ற ஊர்களில் அரசமரத்தடியில் பிரம்மச்சாரியாக இருக்கிறவருக்கு இங்கே சித்தி, புத்தி இரண்டு பேரோடும் திருக்கல்யாணம் நடக்கும். கல்யாண வீடு என்றால் பாட்டுக் கச்சேரி இல்லாமலா?

மேடையில் கீபோர்டு, பேடு, ட்ரம்ஸ், பேஸ் கிட்டார், லீட் கிட்டார். எல்லாம் சரி. கிட்டார்க்காரப் பையனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. ஆம்ப்ளிஃபையர் பெட்டியே கிடையாது, வெறும் ஃபிளக்ஸ் பேனர். பையனுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசு இருக்கும். தோளில் மாட்டியிருந்த பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தான். பெரிய டிபன் பாக்ஸ் அளவு. காலடியில் வைத்தான். கிட்டாரிலிருந்து ஒரு ஒயர் அதற்குள், அதிலிருந்து ஒரு ஒயர் மிக்சருக்கு. காதில் இரண்டு குமிழ். முடிந்தது. எங்கள் காலத்தில் மேடையில் கிட்டார் செட் பண்ண முக்கால் மணி நேரம் ஆகும். இவன் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிட்டு செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓட்டைக் குடம் மாதிரி ஒரு சத்தம்தான் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது பாட்டு வாரணம் ஆயிரத்தில் வருகிற ‘அடியே கொல்லுதே’. அந்தப் பாட்டுக்கு டிஸ்டார்ஷன் கிட்டார் சரியில்லை என்றால் பாட்டே இல்லை. 2008இல் அந்தப் படம் வந்த புதிதில் எங்கள் குழுவும் வாசித்துப் பார்த்தது. ஜனங்கள் கைதட்டினார்கள், ஆனால் அது எங்களுக்காக இல்லை, சூர்யாவுக்காக. இந்தப் பையன் முதல் கார்டை அடித்தான். நான் கடலை வாங்கிய காகிதத்தைக் கீழே போட்டுவிட்டேன். வயிற்றில் வந்து மோதுகிற சத்தம். அடர்த்தி, உறுமல், நிறுத்தினால் கத்தியால் வெட்டினது போல அமைதி. உப்பூர் மணலில் நின்று இப்படி ஒரு கிட்டார் சத்தம் நான் கேட்டதே இல்லை. நான் வாசித்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் போய்ப் பையனைப் பிடித்தேன்.

“தம்பி, ஆம்ப் எங்கப்பா?”

“எதுக்குண்ணே ஆம்ப்பு? இதுக்குள்ளயே நூறு ஆம்ப் கெடக்கு.”

சொல்லிவிட்டுப் பெட்டியின் திரையைத் தொட்டுக் காட்டினான். வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். ஃபெண்டர், மார்ஷல், வாக்ஸ். பெயரை மட்டும் லேசாக மாற்றி வைத்திருக்கிறார்கள், சட்டச் சிக்கலுக்காக. ஆனால் படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. புத்தகத்திலும் கேசட் அட்டையிலும் பார்த்து ஏங்கின சாமான்களெல்லாம் வரிசையாக.

இதைப் பற்றி வெளிநாட்டுக் கிட்டார்க்காரர்கள் இருபது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வால்வு ஆம்ப்பின் உயிர் டிஜிட்டலில் வருமா, வராதா என்று. படித்துச் சலித்துவிட்டேன். அந்தச் சண்டையில் நமக்கு இடமே இல்லை என்பதுதான் எனக்குப் பட்டது. அவர்களிடம் ஒன்று இருந்தது, அது போகிறது, அதனால் அழுகிறார்கள். ராமநாதபுரம் கடற்கரையில் எந்த மேடையில் மார்ஷல் ஆம்ப் இருந்தது, இப்போது இல்லாமல் போவதற்கு?

எங்களிடம் இருந்தது வண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் ராமநாதபுரத்தில் இருந்த ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன். குழுவின் பெயர் வேண்டாம், அதில் இருந்த பாதிப் பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. குழுவுக்கென்று இருந்த ஆம்ப்பை ஒரு ரேடியோ மெக்கானிக் அண்ணன் செய்து கொடுத்திருந்தார். ஒரு ஜோடி 3055 ட்ரான்சிஸ்டர், கனமான ஒரு டிரான்ஸ்பார்மர், 12 அங்குல ஸ்பீக்கர், பிளைவுட் பெட்டி. மேலே பைக் சீட்டுக்குப் போடுகிற கறுப்பு ரெக்சின். சுவிட்சைப் போட்டால் ‘ம்ம்ம்ம்’ என்று அடித்தொண்டையில் ஒரு ரீங்காரம் எழும்பும். அதனால்தான் அந்தப் பெயர். எர்த் சரியில்லாத கரண்டில் 50 ஹெர்ட்ஸ் உள்ளே நுழைந்து பாடுகிற பாட்டு அது. எத்தனை தடவை கழற்றி மாட்டியும் போகவில்லை. கடைசியில் நாங்கள் விட்டுவிட்டோம். திருப்பாலைக்குடி, காரங்காடு, முள்ளிமுனை என்று எந்தக் கரைக்குப் போனாலும் மணலில் விளையாடுகிற பிள்ளைகள் அந்தச் சத்தம் கேட்டதும், “வண்டு கத்திருச்சுடா, ஆரம்பிக்கப் போறாய்ங்க” என்று மேடையைப் பார்த்து ஓடிவருவார்கள். எங்களுக்கு வேறு மணி தேவைப்படவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. உலகமே கும்பிடுகிற மார்ஷலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஜிம் மார்ஷல் லண்டன் ஹான்வெல்லில் ட்ரம்ஸ் விற்கிற கடை வைத்திருந்தவர். அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப் விலை கட்டுப்படியாகவில்லை என்று வருகிற பையன்கள் புலம்ப, கடையில் ரிப்பேர் வேலை பார்த்த கென் பிரான் என்பவரையும் இன்னொரு இளைஞரையும் வைத்து ஃபெண்டர் பேஸ்மேனைப் பார்த்து ஒன்று செய்தார்கள். 1962. உதிரிப்பாகங்கள் உள்ளூரில் கிடைத்ததுதான், அதனால் சத்தம் கொஞ்சம் மாறிப்போனது. அந்த மாறிப்போன சத்தம்தான் பிறகு ராக் இசையானது. எங்கள் மெக்கானிக் அண்ணனும் யாரோ ஒருவருடைய படத்தைப் பார்த்துத்தான் செய்தார், கிடைத்த சாமானை வைத்துத்தான் செய்தார். என்ன, ராமநாதபுரத்தில் பீட் டவுன்ஷெண்ட் மாதிரி ஒரு ராக் கிட்டார்க்காரர் வந்து இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்கவில்லை.

ஏன் அவ்வளவு பெரிய ஆம்ப் அந்த ராக் குழுக்களுக்குத் தேவைப்பட்டது என்று கேட்டால், மைக்செட் மோசம். அவ்வளவுதான். 1965 ஆகஸ்ட் 15ஆம் தேதி நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது கூட்டம் 55,000க்கும் மேலே. கிட்டாருக்கென்று வாக்ஸ் கம்பெனி 100 வாட் ஆம்ப் செய்து கொடுத்தது. கிட்டார் சத்தத்தை அந்த ஆம்ப்தான் கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 100 வாட்! இன்றைக்கு உப்பூர்க் கச்சேரியில் ஒரு பக்கத்து சப் ஒன்றே ஆயிரம் வாட்டுக்கு மேலே இருக்கும். மைக்செட் வளர்ந்த பிறகு ஆம்ப்பின் வேலை மாறிவிட்டது. ஊருக்குச் சத்தம் கொடுக்கிற வேலை போய், சத்தத்துக்கு ஒரு குரல் கொடுக்கிற வேலை மட்டும் மிச்சம். அதற்கு 29 கிலோ ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப்பை வேனில் ஏற்றி இறக்க வேண்டுமா என்ற கேள்வி எப்போதோ வந்திருக்க வேண்டியது.

அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்பதை நான் மிகத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் பன்னிரண்டு வருஷம் என் கிட்டார் ஏன் கேவலமாகக் கேட்டது என்பதற்குப் பதில் இதில் இருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் எனக்கு ஜூம் 505 வாங்கி வந்தார். காலில் மிதிக்கிற சின்னப் பெட்டி, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். நாங்கள் ப்ராசசர் என்போம். வீட்டில் ஹெட்போனில் கேட்டபோது சொர்க்கம். மேடையில் வண்டுக்குள் விட்டாலும் மோசமில்லை. ஆனால் வண்டு மேடையில் இருந்த எனக்கு மட்டும்தான். ஜனங்களுக்குப் போக வேண்டுமென்றால் வண்டுக்கு முன்னால் ஒரு மைக் வைக்க வேண்டும். மைக்செட் பாயிடம் கேட்டேன்.

“பாட்டுக்காரங்களுக்கே மைக் பத்தல தம்பி. ஒங்க பொட்டிக்கு வேற வைக்கணுமா? ஒயர இங்கிட்டு நேராக் குடுங்க, நான் பாத்துக்கிர்றேன்.”

நேராகக் கொடுத்தோம். டிஸ்டார்ஷனைப் போட்டால் தகர டப்பாவில் மணலைப் போட்டு ஆட்டினது மாதிரி ஒரு சத்தம் ஊரெல்லாம் கேட்டது. பாய் உடனே என் வால்யூமைக் குறைத்துவிடுவார். நான் அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று வருஷக்கணக்கில் மனசுக்குள் வைது கொண்டிருந்தேன். பாவம், அவர் ஜனங்களின் காதைக் காப்பாற்றியிருக்கிறார்.

விஷயம் இதுதான். கிட்டார் ஆம்ப்பில் இருக்கிற 12 அங்குல ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கரே இல்லை. 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அதற்குக் குரல் கம்மிவிடும். டிஸ்டார்ஷனில் இருக்கிற கூர்மையான, காதைக் குத்துகிற பகுதி எல்லாம் அதற்கு மேலேதான் இருக்கிறது. ஸ்பீக்கரின் அந்தக் குறைதான் முள்ளை எடுத்துவிட்டு மீனை மட்டும் இலையில் வைக்கிறது. மைக்செட்டின் பாக்ஸும் ஹாரனும் அப்படி இல்லை, முள்ளோடு பரிமாறிவிடும். ஆம்ப் என்பது சத்தத்தைப் பெரிசாக்குகிற சாமான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது வாத்தியத்தின் பாதி. வீணைக்குக் குடம் மாதிரி.

(மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இதைச் சின்னப் பிள்ளையிலேயே புரிந்துகொண்டவர். சாதாரண மாண்டலினில் தந்தியை மீட்டினால் நாதம் நிற்காது, கமகத்துக்கு நேரமே இருக்காது. அவர் ஐந்து தந்தி எலக்ட்ரிக் மாண்டலினை எடுத்தார். தந்தி நிறுத்தினதை மின்சாரம் நீட்டிக் கொடுத்தது. கர்நாடக மேடையில் மின்சாரத்தை வாத்தியத்துக்குள்ளேயே கொண்டுபோனது அவர் செய்த பெரிய காரியம். மேற்கத்திய ராக் ஆட்கள்தான் இதைக் கண்டுபிடித்தார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.)

இப்போது பையனின் பெட்டிக்கு வருவோம். 1998இல் லைன் 6 கம்பெனி சிவப்பாக, அவரைக்கொட்டை வடிவத்தில் பாட் என்று ஒன்றை விட்டது. ஆம்ப்பையும் ஸ்பீக்கரையும் கணக்காக மாற்றி உள்ளே வைத்த முதல் பிரபலமான பெட்டி அது. 2006இல் ஃபிராக்டல் ஆடியோவின் ஆக்ஸ் எஃப்எக்ஸ். 2011இல் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கெம்பர் வேறு வழியில் போனார். சர்க்யூட்டைக் கணக்குப் போடாமல், உன் ஆம்ப்பையே கொண்டு வா, அதற்குள் சில சத்தங்களை அனுப்பி, அது என்ன பதில் சொல்கிறது என்று கேட்டு, அதன் ஜாதகத்தை எழுதிக்கொள்கிறேன் என்றார். இப்போது வருகிறவை அந்த ஜாதகத்தை எழுத நியூரல் நெட்வொர்க்கைப் பயன்படுத்துகின்றன. ஸ்பீக்கருக்கும் அதற்கு முன்னால் வைத்த மைக்குக்கும் தனியாக ஒரு பதிவு உண்டு, ஐஆர் என்பார்கள். ஒரு வினாடியில் சின்னத் துண்டுதான் நீளம். நான் பன்னிரண்டு வருஷம் மைக்செட்டுக்குக் கொண்டுபோக முடியாமல் கஷ்டப்பட்ட 12 அங்குல ஸ்பீக்கர் இன்று சில கிலோபைட் ஃபைல். சும்மாவே கிடைக்கிறது.

கணக்குப் போட நேரம் ஆகாதா என்று கேட்டேன். இரண்டு, மூன்று மில்லி செகண்ட் என்றான் பையன். காற்றில் சத்தம் ஒரு மில்லி செகண்டுக்கு 34 சென்டிமீட்டர் போகும். மூன்று மில்லி செகண்ட் என்றால் ஆம்ப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று வாசிக்கிற மாதிரி. நான் வண்டிலிருந்து அதைவிடத் தள்ளித்தான் நின்றிருப்பேன், அதன் சூடு தாங்காமல்.

பெரிய ஆட்களும் இதற்கு வந்துவிட்டார்கள். 2013 டிசம்பர் 8ஆம் தேதி மெட்டாலிகா குழு அண்டார்டிகாவில் அர்ஜென்டினாவின் கார்லினி ஆய்வு நிலையத்தில் வாசித்தது. அங்கே சத்தம் போடக் கூடாது. ஒரு கூடாரத்துக்குள் நூறு சொச்சம் பேர், எல்லோர் காதிலும் ஹெட்போன், மேடையில் முழங்குகிற ஆம்ப் ஒன்றுமில்லை. அதைப் பார்த்தபோது சிரித்தேன். ராக் கச்சேரியைப் பெங்குவினுக்குக் கேட்காமல் நடத்தினார்களே என்று. நம் ஊரிலும் 2000இல் வந்த சத்தக் கட்டுப்பாட்டு விதிகளின்படி இரவு பத்து மணிக்கு மேலே ஒலிபெருக்கி கூடாது, விசேஷ நாட்களுக்கு அரசு அனுமதித்தால் பன்னிரண்டு வரை. எஸ்.ஐ. வந்து மேடைக்குக் கீழே நின்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவது எங்கள் காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது. ஹெட்போன் கச்சேரி என்று நாங்கள் அன்றைக்குச் சொல்லியிருந்தால் திருவிழாக் கமிட்டி கல்லால் அடித்திருக்கும்.

சரி, ஒரு பேச்சுக்கு எங்களுக்கு அன்றைக்கே உண்மையான வால்வு மார்ஷல் கிடைத்திருந்தால்? இந்தக் கரையில் இரண்டு சீசன் தாங்கியிருக்காது. பாக் விரிகுடாக் காற்றில் உப்பு இருக்கிறது. கிட்டார் ஜாக் ஒரு மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும். ஸ்பீக்கர் காகிதம் ஈரம் குடித்துத் தொங்கிப் போகும். தந்தியை நான் பத்து நாளைக்கு ஒருமுறை மாற்றுவேன். மாற்றக் காசில்லாதபோது கழற்றி வெந்நீரில் போட்டுக் காய்ச்சித் திரும்ப மாட்டுவேன். இதெல்லாவற்றையும்விட மோசம் கரண்டு. திருவிழா ஜெனரேட்டரில் சீரியல் விளக்கு, ராட்டினம், மேடை எல்லாம் ஒரே இழுவையில். ராட்டினம் கிளம்பும்போது வோல்டேஜ் படுக்கும், நிற்கும்போது எகிறும். நானூறு வோல்ட் பிளேட்டில் ஓடுகிற வால்வுகளை இந்தக் கரண்டில் வைத்து மேய்ப்பதற்கு, திருக்கை மீனைத் தொட்டியில் வளர்க்கலாம். உப்பூரில் 1,600 மெகாவாட் அனல்மின் நிலையம் வரும், அப்புறம் நமக்குக் கரண்டுக் கவலை இல்லை என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அது பாதியிலேயே நின்றுபோனது. மீன்பிடிக்கிறவர்களுக்கு நிம்மதி. கிட்டார்க்காரர்கள் தொடர்ந்து ஜெனரேட்டரிலேயே. பையனின் பெட்டி அடாப்டரோ 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் சாப்பிடுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு எதற்கு முணுமுணுப்பு என்று கேட்பீர்கள். இரண்டு உண்டு.

முதலாவது, பையன் தன் சத்தத்தைத் தானே வைத்திருக்கவில்லை. நான் வாசித்த காலத்தில் பாய் என்னை ஊருக்குக் குறைத்துவிடலாம், ஆனால் என் காலுக்குப் பின்னால் வண்டு இருந்தது. அதன் வால்யூம் என் கையில். ட்ரம்ஸ்காரர் ஓவராகப் போனால் குனிந்து ஒரு திருகு. இன்றைக்குப் பையனின் காதில் என்ன விழுகிறது என்பதை மிக்சரில் டேப்லட் வைத்திருக்கிறவர் தீர்மானிக்கிறார். அன்றைக்குக் கச்சேரியிலேயே ஐந்தாவது பாட்டில் அவன் காதில் சத்தம் நின்றுபோனது. நான் பார்த்தேன். கை வாசித்துக்கொண்டே இருக்கிறது, கண் மிக்சரைத் தேடுகிறது. ஜனங்களுக்கு அருமையாகக் கேட்கிறது, வாசிக்கிறவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அரை நிமிஷம் அப்படியே ஊமையாக வாசித்தான். என் வயிறு பிசைந்தது.

இரண்டாவது கொஞ்சம் நுணுக்கமானது. ஆம்ப் பின்னால் முழங்கும்போது அந்தக் காற்று வந்து கிட்டார் உடம்பை ஆட்டும், தந்தியை ஆட்டும். ஒரு சுரத்தை அடித்துவிட்டு ஆம்ப்பைப் பார்த்துத் திரும்பி நின்றால் சுரம் சாகாது. மெதுவாக வளர்ந்து, மேல் ஸ்தாயிக்குத் தாவும். ஃபீட்பேக் என்று வைகிற அதே சங்கதிதான், அளவோடு வந்தால் அமிர்தம். பெட்டியும் காதுக் குமிழும் இருக்கிற இடத்தில் காற்றே இல்லை. தந்தி போடுகிற சத்தம் தந்திக்குத் திரும்பி வருவதில்லை. பெட்டிக்குள் இதற்கும் ஒரு பட்டன் இருக்கிறது என்று பையன் மிதித்துக் காட்டினான். வந்தது. எப்போது மிதித்தாலும் அதே மாதிரி வந்தது. எனக்கு வண்டு பத்துத் தடவையில் ஒருதடவைதான் கொடுக்கும். அந்த ஒரு தடவைக்காக ஒன்பது தடவை திரும்பி நின்றிருக்கிறேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கோயிலுக்குள்ளிருந்து நாதஸ்வரமும் தவிலும் கேட்டன. சாமி புறப்பாடு. ஒரு ஒயர் இல்லை, பேட்டரி இல்லை, மொத்தத் தெருவும் நிறைந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். இடைவேளையும் நீண்டது, வேறு வழி? புறப்பாட்டு மல்லாரிக்கு முன்னால் எந்தப் ப்ராசசரும் ஒன்றும் பண்ண முடியாது.

புறப்பாடு தாண்டியதும் பையனிடம் வண்டைப் பற்றிச் சொன்னேன். சும்மா சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் கண் விரிந்தது.

“இன்னும் இருக்காண்ணே?”

“வீட்டு மாடிப்படிக்குக் கீழ கெடக்கு. மேல கிரைண்டர் நிக்குது.”

“கொண்டாங்கண்ணே. கேப்சர் எடுத்துருவோம். ஃபெண்டர், மார்ஷல் எல்லாம் ஒலகத்துல எல்லார்ட்டயும் இருக்கு. ராம்நாடு ஆம்ப் எவன்ட்ட இருக்கு?”

அது என்னைத் தொட்டுவிட்டது. தங்கச்சிமடத்திலிருந்து டொரண்டோ வரைக்கும் எல்லாக் கிட்டார்க்காரனும் அதே ஃபைலைத்தான் இறக்கி வாசிக்கிறான், எல்லோருடைய மார்ஷலும் ஒரே மார்ஷல்தான் என்பது அதுவரை எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை.

கிரைண்டரை நகர்த்த வீட்டில் அனுமதி வாங்க ஒரு வாரம் ஆனது. பெட்டியைத் திறந்தால் உள்ளே பல்லி முட்டை, உப்பு பூத்த சேசிஸ். ஸ்பீக்கர் ஓரத்தில் கிழிசல். மெக்கானிக் அண்ணன் இப்போது இல்லை. அவர் கடையில் தொழில் பழகினவர் ஒருவர் பெரிய கெப்பாசிட்டர் இரண்டையும் மாற்றி, கிழிசலுக்கு டிஷ்யூ பேப்பரும் ஃபெவிகாலும் வைத்து ஒட்டிக் கொடுத்தார். “அண்ணே சால்ட்ரிங்கு இது, தொடுறதுக்கு மனசு வரல” என்றார். காசு வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பையன் லேப்டாப்போடு வந்தான். ஸ்டீவன் அட்கின்சன் என்பவர் இலவசமாக வெளியே விட்டிருக்கிற நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள். மூன்று நிமிஷ ஒலிக்கோப்பு ஒன்று இருக்கிறது. கீச்சென்று, உறுமலாக, சீறலாக என்னென்னவோ சத்தம் அதில் வரும். அதை வண்டுக்குள் அனுப்பி, முன்னால் மைக் வைத்து, வெளியே வருவதைப் பதிவு செய்ய வேண்டும். போனதும் வந்ததும் இரண்டையும் ஒப்பிட்டு அது கற்றுக்கொள்ளும். சுவிட்சைப் போட்டேன். இரண்டு வினாடி ஒன்றுமில்லை. அப்புறம் மெதுவாக எழும்பியது. ம்ம்ம்ம். அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, “இது இன்னும் உசுரோடவா இருக்கு?” என்றாள்.

கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் ஆனது. டீ குடித்தோம். அவன் தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் பழகின கதையைச் சொன்னான், ‘இளைய நிலா’வில் சந்திரசேகர் வாசித்ததை யூடியூபில் மெதுவாக ஓடவிட்டு ஒவ்வொரு சுரமாகப் பிடித்த கதையையும். நான் அதையே 1982க்கு அப்புறம் வந்த கேசட்டில் பென்சிலால் சுற்றிச் சுற்றிப் பிடித்த கதையைச் சொன்னேன். வண்டு பக்கத்தில் கத்திக்கொண்டே இருந்தது. யாருக்கும் அணைக்கத் தோன்றவில்லை.

முடிந்ததும் வண்டை நிறுத்திவிட்டு, ஃபைலைப் பெட்டிக்குள் ஏற்றி, என் கையில் கிட்டாரைக் கொடுத்தான். காதில் குமிழை மாட்டிக்கொண்டு அடித்தேன். அதுதான். அந்த மூக்கடைத்த நடுக்குரல், பலமாக அடித்தால் கொஞ்சம் கம்மிக்கொண்டு வெடிக்கிற அந்த விதம், கீழ்த் தந்தியில் ஸ்பீக்கர் படபடக்கிற படபடப்பு, எல்லாம் அச்சு அசல். கண்ணை மூடினால் முள்ளிமுனை மேடை. நாலைந்து கார்டு வாசித்துவிட்டு, தந்தியின் மேல் கையை வைத்து நிறுத்தினேன். காத்திருந்தேன்.

“தம்பி, ஏதோ கொறையுதே.”

அவனுக்குப் புரிந்துவிட்டது. “ஹம் வராதுண்ணே. நாம அனுப்புற சத்தத்துக்கு ஆம்ப் என்ன பதில் சொல்லுதுன்னு மட்டுந்தான் அது படிக்கும். ஹம் நம்ம அனுப்புனதுக்குப் பதில் இல்லேல்ல, அது பாட்டுக்கு வர்றது. அதக் குப்பைன்னு விட்ரும்.”

காதுக்குள் சுத்தமாக இருந்தது. தந்தியை விட்டால் ஒன்றுமே இல்லை. குமிழைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டின் சுவிட்சைத் திரும்பப் போட்டேன்.